எடையில்லாத தூண்டில்: ஃப்ளை ஃபிஷிங் எப்படி நடக்கிறது?

குளிர்நாட்டு ஆறு ஒன்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, நீண்ட நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னுமாக வீசிக்கொண்டிருக்கும் மனிதரின் உருவம், கைப்பேசியில் வரும் காணொளிகளால் இன்று கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் எல்லோருக்கும் பழகிப்போயிருக்கிறது. அவர் செய்வதற்கு ஃப்ளை ஃபிஷிங் என்று பெயர் என்பதும், அவர் தேடுவது பெரும்பாலும் டிரவுட் என்னும் மீனை என்பதும்கூடப் பலருக்குத் தெரியும். அதற்கு மேல் நம் பக்கத்தில் பேசப்படுவதில் பாதிக்கு மேல் தவறு. முள்ளில் உயிருள்ள ஈயைக் கோத்துப் போடுகிறார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். நூலைக் காற்றில் அலையவிடுவது வெறும் பகட்டு, நேராகத் தண்ணீரில் போட்டாலே மீன் கடித்துவிடும் என்று, தூண்டிலில் கைதேர்ந்த பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, அதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு.

மண்புழுவும் தக்கையும் கொண்டு வாய்க்கால் கரையில் மீன் பிடித்துப் பழகிய ஒருவருக்கு இந்த முறையின் உள்ளியக்கம் விளங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஃப்ளை ஃபிஷிங் தரும் மகிழ்ச்சி மிக எளிமையானது. ஆனால், அந்த நூல் ஏன் காற்றில் போகிறது, அந்தப் பூச்சி ஏன் அப்படி மிதக்கிறது என்பது தெரியாதவருக்கு அந்த மகிழ்ச்சி கண்ணில் படாது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் தூண்டிலில் உண்மையில் எறியப்படுவது எது?

முதலில் நமக்குத் தெரிந்த தூண்டிலையே எடுத்துக்கொள்வோம். ஒரு மூங்கில் கழி, அதன் நுனியில் நைலான் நரம்பு, நடுவில் தக்கை, அதற்குக் கீழே சிறு ஈயக்குண்டு, கடைசியில் முள், முள்ளில் மண்புழு. கழியை வீசும்போது முன்னால் பறந்து செல்வது ஈயமும் முள்ளும் புழுவும் சேர்ந்த அந்தச் சிறு பாரம்தான். நரம்புக்கு எடை கிடையாது என்றே சொல்லலாம். பாரம் போகும் இடத்துக்கு அது பின்னாலேயே இழுபட்டுச் செல்கிறது. சுழலும் ரீல் பொருத்திய நவீனத் தூண்டிலிலும் இதுதான் நடக்கிறது.

டிரவுட் மீனின் உணவில் பெரும்பகுதி ஆற்றில் வாழும் சிறு பூச்சிகள். பல வேளைகளில் அரிசி மணி அளவே இருக்கும் பூச்சிகளை மட்டுமே அது தின்னும். வேறு எதைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. அந்தப் பூச்சியைப் போலவே இறகாலும் நூலாலும் முள்ளின் மேல் கட்டப்பட்ட உருவத்துக்குத்தான் ஃப்ளை என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதைப் பொய்ப்பூச்சி என்று அழைக்கிறேன். நீர்மேல் மிதக்கும் சாதாரணப் பொய்ப்பூச்சி ஒன்றின் எடை, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதைக் கையில் எடுத்து முழுப் பலத்தோடு எறிந்தாலும் இரண்டடி தள்ளித்தான் விழும். ஈயம் கட்டி எறியலாமே என்றால், ஈயம் அதைத் தண்ணீருக்குள் இழுத்துச் சென்றுவிடும். ‘பொத்’ என்று விழும் சத்தத்தில் மீனும் ஓடிவிடும்.

ஆகவே, எடையை முள்ளிலிருந்து எடுத்து நூலுக்கே கொடுத்துவிட்டார்கள். ஃப்ளை ஃபிஷிங்கின் முழு ரகசியமும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. இதற்கென்றே செய்யப்படும் தடித்த, பூச்சுப் பூசிய நூலை எறிநூல் என்று வைத்துக்கொள்வோம். எறிநூல்கள் எண்களால் வகைப்படுத்தப்படுகின்றன. டிரவுட்டுக்குப் பொதுவாகப் பயன்படும் 5ஆம் எண் நூலின் முதல் 30 அடி, ஏறத்தாழ 9 கிராம் எடை கொண்டது. அந்த ஒன்பது கிராம், ஒரே குண்டாகத் திரளாமல், முப்பது அடி நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. அதனால்தான் அதை ஒரு கல்லை எறிவதுபோல எறிய முடிவதில்லை. வேறு விதமாக எறிய வேண்டியிருக்கிறது.

காற்றில் நூல் எப்படிப் போகிறது?

மாட்டு வண்டி ஓட்டுகிறவர் சாட்டையைச் சொடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் விளங்கும். அவருடைய கை அதிகம் அசைவதில்லை. கை சட்டென்று முன்னால் சென்று சட்டென்று நின்றுவிடுகிறது. ஆனால், அந்த அசைவு வார் முழுவதும் ஒரு வளைவாக ஓடி, நுனியைச் சென்று சேர்கிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் எறிநூல் செய்வதும் அதுவே. வேறுபாடு, சாட்டையின் நுனி சத்தமிட்டு வெடிக்க வேண்டும். எறிநூலின் நுனியோ சத்தமின்றித் தளர்ந்து விழ வேண்டும்.

நடப்பதை வரிசையாகப் பார்ப்போம். கழி பெரும்பாலும் 9 அடி நீளம். பழைய காலத்தில் பிளந்த மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும், 1970களிலிருந்து கார்பன் இழையும் அந்த இடத்தைப் பிடித்தன. எறிநூல் கழியின் முன்னால் நீண்டு கிடக்கும்போது, கழியைப் பின்னோக்கி உயர்த்தினால் நூலின் எடை கழியை வளைக்கிறது. வளைந்த கழி, அழுத்தப்பட்ட நிலையில் ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. வேகம் படிப்படியாகக் கூடி, கை சட்டென்று நிற்கும் கணத்தில் கழி நிமிர்கிறது. சேமித்த ஆற்றல் நூலுக்குள் பாய்கிறது. நூலின் மேல்பாதி ஓடிக்கொண்டிருக்க, கழி நுனியோடு கட்டுண்ட கீழ்ப்பாதி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் தோன்றும் வளைவுக்குக் கண்ணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தக் கண்ணி பின்னால் உருண்டு சென்று, நூல் முழுவதும் நேராக விரிகிறது.

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். பின்னால் சென்ற நூல் முழுமையாக விரிந்த பிறகே முன்னால் வீச வேண்டும். ஏனென்றால், விரிந்து இழுபடும் நூல்தான் கழியை மறுபடியும் வளைக்கும். விரிவதற்கு முன்பே முன்னால் இழுத்தால் கழி வளைய எதுவும் இருக்காது. நூல் தொய்ந்து விழும், அல்லது சாட்டைபோல் வெடித்துப் பொய்ப்பூச்சி அறுந்து பறந்துவிடும். அந்தச் சிறு காத்திருப்பு, ஒரு நொடி அளவுக்கும் குறைவானது. ஆனால், அதைக் கற்றுக்கொள்ளாமல் வேறு எதையும் கற்க முடியாது. கைப்பலம் இதற்குத் தேவையில்லை. பலசாலிகளைவிடப் பொறுமையான பிள்ளைகள் இதை விரைவில் கற்கிறார்கள் என்று பயிற்றுவிப்பவர்கள் சொல்வது நம்பத் தகுந்ததே.

முன்னால் வீசும்போதும் இதே செயல்தான், திசை மட்டும் மாறுகிறது. கழியின் நுனி இயன்றவரை நேர்கோட்டில் செல்ல வேண்டும். அது வில்போல வளைந்து கீழிறங்கினால் கண்ணி அகன்று, காற்றில் ஆற்றலை இழந்துவிடும். எறிநூலின் முனையில் சுமார் 9 அடி நீளத்துக்கு, தடிமன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் ஒளி ஊடுருவும் நைலான் நரம்பு ஒன்று கட்டப்படுகிறது. இதற்கு முன்னிழை என்று பெயர் சூட்டலாம். எறிநூலிலிருந்து வரும் வேகத்தை அது சிறிது சிறிதாகத் தணித்து, கடைசியில் பொய்ப்பூச்சியைக் காற்றில் ஒரு கணம் நிறுத்திக் கீழே விடுகிறது. மீனின் கண்ணுக்குத் தடித்த நூல் படாமல் மறைப்பதும் இதுவே.

காற்றில் பலமுறை வீசுவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு வீச்சிலும் சிறிது நூலைக் கூடுதலாக விட்டு நீளத்தைச் சரிசெய்கிறார்கள். மிதக்கும் பொய்ப்பூச்சியில் ஒட்டிய ஈரத்தை உதறுகிறார்கள். தேவைக்கு மேல் வீசுவது பிழை. அனுபவசாலி இரண்டு மூன்று வீச்சுகளில் நூலைத் தண்ணீரில் இறக்கிவிடுவார். காணொளிகளில் நீண்ட நேரம் வீசிக்கொண்டிருப்பது அழகுக்காக இருக்கலாமே தவிர, மீனுக்காக அல்ல.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நம் தூண்டிலில் முள்ளின் பாரம் நரம்பை இழுத்துச் செல்கிறது; இங்கே எறிநூலின் எடை, பாரமே இல்லாத பொய்ப்பூச்சியை ஏந்திச் செல்கிறது. கழி வளைந்து நிமிர்வதால் கண்ணி பிறக்கிறது. கண்ணி விரிவதால் நூல் நேராகிறது.

சேவல் இறகும் நீரின் தோலும்

பொய்ப்பூச்சியை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. சிறு முள் ஒன்றை இடுக்கியில் பொருத்தி, மெல்லிய நூலை முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். வால் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நான்கு விறைப்பான இறகுச் சிலும்புகளைக் கட்டுகிறார்கள். முயல் மயிரையோ கம்பளித் தூளையோ மெழுகு தடவிய நூலில் விரலால் திரித்து, அதை உடலாகச் சுற்றுகிறார்கள். கடைசியாக, சேவலின் கழுத்து இறகு ஒன்றை நுனியில் கட்டி, முள்ளின் கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று முறை வளைக்கும்போது, அதன் இழைகள் நாலா பக்கமும் விரிந்து நிற்கின்றன. அந்த இழைகளே பூச்சியின் கால்கள். தலைப் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு நூலை அறுத்தால் வேலை முடிந்தது. பழகிய கைக்குச் சில நிமிடங்கள் போதும்.

சேவல் கழுத்து இறகை ஏன் தேடுகிறார்கள் என்பதற்கு ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. நீரின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதால், அங்கே ஒரு மெல்லிய இழுவிசைப் படலம் உண்டாகிறது. அதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். குளத்தில் நீர்மேல் ஓடும் பூச்சிகள் மூழ்காமல் இருப்பது இதனால்தான். விறைப்பான, நீரை உறிஞ்சாத சேவல் இறகிழைகள் அந்தப் படலத்தைத் துளைக்காமல் அதன் மேல் நிற்கின்றன. பெட்டைக் கோழியின் இறகு மென்மையானது, தண்ணீரைக் குடித்துக்கொள்ளும்; ஆகையால் அது மூழ்க வேண்டிய பொய்ப்பூச்சிகளுக்குப் பயன்படுகிறது.

இந்தக் கைவேலை மிகப் பழையது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், ரோமானியர் காலத்தில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று, மாசிடோனியாவில் ஆற்றோரம் வாழ்ந்த மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடைக்கு அடியில் வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி, புள்ளிகளுடைய மீன்களைப் பிடித்ததாகச் சொல்கிறது. உயிருள்ள ஈயை அவர்கள் ஏன் பயன்படுத்தவில்லை என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது: கையால் தொட்டவுடன் அந்தப் பூச்சி நிறம் கெட்டுச் சிறகு நலிந்து, மீனுக்கு வேண்டாததாகிவிடுகிறது. ஜப்பானின் மலைக் கிராமங்களிலும் டென்காரா என்னும் முறை தனியாக வளர்ந்தது. அதில் ரீல் கிடையாது. நம் தூண்டிலைப் போலவே நூல் கழியின் நுனியில் நேராகக் கட்டப்பட்டிருக்கும். மலை ஓடைகளில் மீன் பிடித்து விற்றுப் பிழைத்தவர்களின் முறை அது. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்த இரண்டு வரலாறுகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியது போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் அவற்றை ஒரு காலத்தில் பெரிதும் விரும்பினார்கள். இன்று அந்தப் பறவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது; அதன் இறகைத் தேடிப் போக வேண்டாம். வீட்டுச் சேவலின் இறகே போதும்.

ஈசல் விழும் மாலையில் மீன் செய்வது

டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கவே தேவையில்லாத ஒரு காட்சி இருக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பி, குளத்தின் மேலே பறந்து, சிறகு கழன்று தண்ணீரில் விழும். படித்துறையில் உட்கார்ந்து பார்த்தால், சற்று நேரத்தில் நீர்ப்பரப்பெங்கும் சிறு சிறு வட்டங்கள் எழும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு கெண்டையோ வெளிச்சியோ வாயைத் திறந்து ஓர் ஈசலை உறிஞ்சிக்கொண்டு கீழே போகிறது. அந்த நேரத்தில் அதே குளத்தில் மண்புழுவைப் போட்டுப் பாருங்கள். தக்கை அசையாமல் கிடக்கும். மீன் பசியோடுதான் இருக்கிறது. ஆனால், அதன் கவனம் முழுவதும் மேலே இருக்கிறது. அந்தக் கவனத்துக்கு ஏற்ற வடிவத்தில், ஏற்ற இடத்தில் உணவைக் கொடுப்பதே ஃப்ளை ஃபிஷிங்.

ஒரு எச்சரிக்கை: எல்லா வட்டமும் இரை எடுத்த வட்டம் அல்ல. விரால் காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் மீன்; அது அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பூச்சி எதுவும் விழாத நேரத்தில், ஒரே இடத்தில் இடைவெளி விட்டு எழும் தடித்த வட்டம் பெரும்பாலும் அதுதான்.

டிரவுட் வாழும் குளிர்ந்த ஓடைகளில் ஈசலின் இடத்தை வேறு பூச்சிகள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றுள் முதன்மையானது மேஃப்ளை. ஆற்றோரத் தெருவிளக்குகளில் நீண்ட வாலிழைகளோடும், நிமிர்த்தி வைத்த சிறகுகளோடும் வந்து அமரும் மெல்லிய பூச்சிகளைக் கண்டவர்கள் அந்த இனத்தைக் கண்டவர்களே. அதன் வாழ்க்கையின் பெரும்பகுதி நீருக்கடியில், கற்களைப் பற்றிக்கொண்டு, பல மாதங்கள் கழிகிறது. இந்தப் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். வளர்ந்ததும் அது மேற்பரப்புக்கு நீந்தி வந்து, தோலை உரித்து, சிறகோடு வெளிப்பட்டு, சிறகு உலரும்வரை நீர்மேல் மிதந்து செல்கிறது. சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி உலகில் இது ஒன்றே. முழு வளர்ச்சி அடைந்த மேஃப்ளைக்கு உண்பதற்கான வாய் கிடையாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, கூடி, முட்டையிட்டு, நீரில் விழுந்து மடிகிறது. கேடிஸ் என்னும் இன்னொரு பூச்சியின் புழு, மணலையும் குச்சித் துணுக்குகளையும் ஒட்டித் தனக்கொரு கூடு கட்டிக்கொண்டு ஆற்றடியில் ஊர்கிறது.

ஒரே இனத்துப் பூச்சிகள் ஒரே நேரத்தில் கூட்டமாக வெளிப்படுவதால், அந்த நேரத்தில் மீனும் அந்த ஒன்றையே தின்கிறது. நீர்மேல் மிதக்கும்படி கட்டிய பொய்ப்பூச்சிக்கு உலர்பூச்சி என்றும், நீருக்கடியில் நிம்ஃபைப் போல உருண்டு வரும்படி கட்டியதற்கு நிம்ஃப் பொய்ப்பூச்சி என்றும் பெயர். டிரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, எண்ணிக்கை வேண்டுவோர் நிம்ஃபைப் போடுவார்கள். அதற்குச் சிறு மிதவை ஒன்றையும் கட்டுவதுண்டு. நம் தக்கைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. ஆனாலும், எனக்கு உலர்பூச்சியே உயர்ந்தது. நடப்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கிறது என்பதே காரணம்.

சுருக்கமாக: எந்தப் பூச்சி இப்போது ஆற்றில் இருக்கிறது, அது எந்தப் பருவத்தில், நீரின் எந்த மட்டத்தில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே பொய்ப்பூச்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெட்டியில் எத்தனை வகை இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமல்ல.

மீன் நிற்கும் இடமும் பார்க்கும் சாளரமும்

மதகுக்குக் கீழே தண்ணீர் பீறிட்டு ஓடும் பட்டையையும், அதன் பக்கத்திலேயே அமைதியாகச் சுழலும் நீரையும் பார்த்திருப்போம். அவ்விரண்டும் உரசும் ஓரத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தூண்டில் போடுவார்கள். அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அவர்கள் செய்வது சரி. வேகமான நீர் உணவைக் கொண்டுவருகிறது. மெதுவான நீர் நிற்க இடம் தருகிறது. டிரவுட்டும் அப்படியே, பாறைக்குப் பின்னாலோ ஓடை வளைவிலோ, குறைந்த வேகத்தில் நின்றுகொண்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கித் தலையை வைத்து, மிதந்து வருவதை எட்டிப் பிடிக்கிறது. ஒரு பூச்சிக்காக அது செலவிடும் ஆற்றல், அந்தப் பூச்சி தரும் ஆற்றலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் தவறும் மீன் வளராது.

மீன் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், கீழ்த்திசையிலிருந்து, அதாவது அதன் முதுகுப் பக்கமாக நெருங்குவது நல்லது. இதைவிடச் சுவையான செய்தி, அது மேலே எதைப் பார்க்கிறது என்பது. நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், வெளியுலகம் முழுவதும் மீனின் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. அந்தச் சாளரத்தின் கோணம் சுமார் 97 பாகை. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அது ஏறத்தாழ இரண்டேகால் அடி அகலம் கொண்டது. மீன் கீழே போகப் போக அகலமும் கூடும். சாளரத்துக்கு வெளியே உள்ள நீர்ப்பரப்பு, கீழிருந்து பார்க்கும்போது, ஆற்றடியைக் காட்டும் கண்ணாடியாக இருக்கிறது. தாழ்வான உயரத்தில் இருக்கும் பொருள்கள் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகவே தெரியும். ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்கள் குனிந்தும் மண்டியிட்டும் நடப்பது இதற்காகத்தான்.

மிதந்து வரும் பூச்சி, சாளரத்துக்கு வெளியே இருக்கும்வரை மீனுக்கு அதன் உடல் தெரியாது. நீர்ப்படலத்தை அதன் கால்கள் அழுத்தும் இடங்களில் தோன்றும் சிறு ஒளிப்புள்ளிகள் மட்டுமே அந்தக் கண்ணாடியில் தெரியும். சேவல் இறகின் இழைகள் உண்டாக்குவதும் அதே புள்ளிகளைத்தான். பிறகு சாளரத்தின் விளிம்பில் முதலில் சிறகும், அதன்பின் உடலும் வெளிப்படுகின்றன. அதற்குள் மீன் மேலே எழத் தொடங்கியிருக்கும்.

இழுபடாமல் மிதக்க வேண்டும்

எல்லாம் சரியாக அமைந்தும் மீன் ஏமாறாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். உண்மையான பூச்சி எதனோடும் கட்டப்பட்டதல்ல. நீர் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில் அது மிதக்கிறது. பொய்ப்பூச்சியோ நூலில் கட்டப்பட்டது. நடுவில் ஓடும் வேகமான நீர், எறிநூலை வளைத்து இழுத்துச் செல்லும்போது, பொய்ப்பூச்சியும் நீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அதற்கு இழுவை என்று பெயர். அந்தக் கோட்டைக் கண்டதும் டிரவுட் கீழே இறங்கிவிடுகிறது.

இதற்கு மருந்து உண்டு. நூல் தண்ணீரில் விழுந்தவுடன், கழியின் நுனியால் அரைவட்டமாகத் தூக்கி, எறிநூலின் வளைவை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் புரட்டிப் போடுகிறார்கள். வேகநீர் அந்த வளைவை நிமிர்த்துவதற்குள் பொய்ப்பூச்சிக்கு நான்கைந்து நொடி விடுதலை கிடைக்கிறது. தொலைவாக எறியத் தெரிந்தவரைவிட இதைச் செய்யத் தெரிந்தவருக்கே மீன் கிடைக்கிறது. நாற்பது அடிக்குள் இருக்கும் மீனை விட்டுவிட்டு எண்பது அடிக்கு எறிய முயல்வது, இந்தக் கலையில் புதியவர்கள் வீணாக்கும் உழைப்புகளில் முதலாவது.

இப்போது மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடலாம். பூச்சியைப் பார்த்து ஓர் ஊகம்; நீரைப் பார்த்து ஓர் ஊகம்; கண்ணி விரியும்வரை ஒரு நொடி பொறுமை; இழுபடாத நான்கடி மிதப்பு. இவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக அமைந்தால், பொய்ப்பூச்சி இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருக்கும். நீ எண்ணியது சரி என்று ஆறே பதில் சொல்லிவிட்டதாகத் தோன்றும். தக்கையைப் பார்த்துக்கொண்டு மரத்தடியில் அமர்ந்திருப்பதில் ஓர் இன்பம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே மீன் வரும்வரை காத்திருக்கிறோம், இங்கே மீனிடம் நாம் போகிறோம்.

டிரவுட் ஏன் நம் ஆற்றில் இல்லை?

டிரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 பாகை செல்சியஸ் அதற்கு ஏற்றது. 20 பாகையைத் தாண்டினால் திணறும். 25 பாகையை ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. காரணம் வெப்பம் மட்டுமல்ல. குளிர்ந்த நீரில் உயிர்வளி அதிகமாகக் கரையும்: 10 பாகையில் ஒரு லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையக்கூடியது, 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. வெப்பம் கூடக் கூட மீனுக்கு உயிர்வளித் தேவை கூடுகிறது, நீரின் இருப்போ குறைகிறது. கோடையில் அரசலாற்றிலும் குடமுருட்டியிலும் நிற்கும் தண்ணீரில் டிரவுட் ஒரு நாள்கூடத் தாங்காது. விராலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது காற்றையே மூச்சிழுக்கும்.

இந்தியாவின் ஓடைகளில் உள்ள டிரவுட் எல்லாம் கொண்டுவரப்பட்டவை. காஷ்மீரில் 1900ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளிலிருந்து பழுப்பு டிரவுட் நிலைபெற்றது. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் முயற்சிகள் பலிக்காமல் போய், 1907ஆம் ஆண்டு வாக்கில் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் டிரவுட் வேரூன்றியது. அதன் தாயகம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையை ஒட்டிய ஆறுகளும் ரஷ்யாவின் கம்சட்காவும். உதகமண்டலத்துக்கு அருகே அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சுபொரிப்பகம் அமைந்தது. மூணாறு மலைகளிலும் இந்த மீன் உண்டு.

அவலாஞ்சி ஓடைகள் குந்தா ஆற்றில் சேர்கின்றன. குந்தா பவானியில் கலக்கிறது. பவானி, கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. டிரவுட் நீந்திய நீரின் ஒரு பங்கு, மதகுகளைத் தாண்டிக் கல்லணைக்கும் வருகிறது என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கும். மீன் வர முடியாத வெப்பத்தை நீர் மட்டும் கடந்து வருகிறது. ஆனாலும், டிரவுட்டை வேறு மலை ஓடைகளில் ஆர்வத்தால் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது பிற மீன்களைத் தின்னும் வெளியூர் உயிர். காவிரிக்கே உரிய பெரிய திமில் மகசீர் என்னும் மீன் ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கிறது.

பிடித்த மீனைக் கையாளுதல்

நீலகிரியாகட்டும், காஷ்மீராகட்டும், இமாச்சலமாகட்டும், டிரவுட் ஓடைகளில் தூண்டில் போட அரசு அனுமதி வேண்டும். காப்புக்காடுகளிலும் தேசியப் பூங்காக்களிலும் தனி விதிகள் உண்டு. பிடித்த மீனைத் திரும்ப விடுவது பல இடங்களில் வழக்கம். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் விடுவதில் பயனில்லை. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை, அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும். நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி, நீரோட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்திருந்தால், தெம்பு வந்ததும் அது தானே கையை விட்டுப் போய்விடும். நீரின் வெப்பம் 20 பாகையை நெருங்கும் நாளில் கழியை மடித்து வைத்துவிடுவதே முறை.

நம் ஊரில் எங்கிருந்து தொடங்குவது?

மலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உலர்பூச்சிக்குக் கெண்டையும் வெளிச்சியும் எழும். தவளையைப் போலக் கட்டிய பெரிய பொய்ப்பூச்சியை அல்லிக் குளத்தின் ஓரத்தில் இழுத்தால் விரால் பாயும். கொள்ளிடத்தின் முகத்துவாரப் பக்கம், சிறு மீனைப் போலக் கட்டியதற்குக் கொடுவா வரும். குஞ்சுகளைக் காத்துக்கொண்டு நிற்கும் விராலை மட்டும் தொடக் கூடாது. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரியும் இடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் தரையில் பழக வேண்டும். நம் கரைகளில் பின்னால் தென்னையோ மூங்கிலோ கருவேலமோ நிற்பதால், பின்வீச்சு மரத்தில் சிக்கும். ஊர்ப் பள்ளி மைதானமோ புல்தரையோ நல்லது. அறுவடை முடிந்த வயலின் தாள் எறிநூலின் பூச்சைக் கீறிவிடும். முள்ளுக்குப் பதிலாக முன்னிழையின் நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, முப்பது அடி தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, காலையில் காற்று எழும் முன் பழகலாம். பின்னால் நூல் விரிவதைத் தலையைத் திருப்பிக் கண்ணாலேயே பார்க்கலாம். தவறில்லை, தொடக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பழகுகிறார்கள். கம்பளித் துண்டு தட்டுக்குள் சத்தமின்றி இறங்கத் தொடங்கிய பிறகு முள் வாங்கினால் போதும்.